இடத்திற்கு உரை சொல்வோர்

நூலுக்கு உரை கண்ட சான்றோரைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். இளம்பூரணர், நச்சினார்க்கினியர், பரிமேலழகர் முதலானோர் தோன்றியிராவிடில் பழைய நூல்கள் பலவற்றின் வாயில் நமக்கு அடைபட்டே கிடந்திருக்கும். அருஞ்சொற்குப் பொருள் கூறல், பாடவேறுபாடு காட்டல், முந்தையோர் கொள்கையை மறுத்தல், நூலாசிரியர் சொல்லாது விட்டதை இயைபு நோக்கி வருவித்து உரைத்தல் என அவர்தம் பணி பலதிறப்பட்டது. நூலுக்கு உரை உண்டு என்பது சரி. ஓர் இடத்திற்கு உரை உண்டோ? பாழடைந்த கோட்டையின் முன்னும் கைவிடப்பட்ட இருப்புப்பாதையின் முன்னும் நின்று, வருவோர்க்கு அவற்றின் பொருளை எடுத்துரைப்பதையே தொழிலாகக் கொண்டோர் உளரோ? உளர். அமெரிக்க நாட்டின் தேசியப் பூங்காத் துறையில் அவர்களுக்கெனத் தனிப் பதவியே அமைந்திருக்கிறது. 'பார்க் ரேஞ்சர் – இன்டர்பிரட்டேஷன்' என்பது அதன் பெயர். இக்கட்டுரையில் அவர்களை 'விளக்கவுரை ரேஞ்சர்' என்று வழங்குவோம்.

ரேஞ்சர் என்றவுடன் காக்கி உடையணிந்த வனச்சரகர் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பே. ஆயினும் இவர் காட்டைக் காப்பவரல்லர், குற்றவாளியைப் பிடிப்பவருமல்லர். அப்பணிகளுக்கு அத்துறையில் வேறு ரேஞ்சர்கள் இருக்கின்றனர். சாம்பல்நிறச் சட்டையும் பச்சைநிறக் கால்சட்டையும் அகன்ற விளிம்புடைய தட்டைத் தொப்பியும் அணிந்து, ஆயுதம் ஏதுமின்றி, நாவையே கருவியாகக் கொண்டு நிற்பவர் இவர். 1916ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் தோற்றுவிக்கப்பட்ட தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் மலையும் அருவியும் மட்டும் இல்லை. போர்க்களங்கள், தலைவர்கள் வாழ்ந்த இல்லங்கள், பழைய சிறைக்கூடங்கள், இருப்புப்பாதைச் சின்னங்கள் ஆகியனவும் அதன் ஆட்சியில் அடங்கும். பென்சில்வேனியாவின் ஸ்டீம்டவுன், சிகாகோவின் புல்மன், யூட்டா மாநிலத்தின் கோல்டன் ஸ்பைக் என்பன இருப்புப்பாதை வரலாற்றைச் சொல்லும் இடங்கள். இவற்றுள் இறுதியிற் கூறிய 'தங்க ஆணி' பூங்காவை எடுத்துக்கொண்டு, அங்கே விளக்கவுரை ரேஞ்சரின் பணி எத்தகையது என்பதைக் காண்போம்.

இப்பணிக்கு இலக்கணம் வகுத்தவர் பிரீமன் டில்டன் என்பார். செய்தித்தாளிலும் நாடகத்திலும் பழகிய கை அவருடையது. பூங்காக்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து, 1957ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் ஆறு நெறிகளைக் கூறினார். செய்தியைச் சொல்லுதல் வேறு, பொருளை உணர்த்துதல் வேறு. செய்தியின்றிப் பொருளில்லை, ஆயினும் செய்தியே பொருளாகிவிடாது என்பது அவற்றுள் ஒன்று. கேட்போர்க்குப் பாடம் புகட்டுவதைக் காட்டிலும் அவர்தம் சிந்தையைக் கிளறிவிடுவதே நோக்கமாக இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. சிறுவர்க்குச் சொல்லும்போது பெரியோர்க்குச் சொல்வதையே நீர்கலந்து கொடுத்தல் ஆகாது, அவர்க்கென வேறு முறையே வேண்டும் என்பதும் அவர் கருத்து. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் எவரும் இதனை மறுக்கமாட்டார் என்று நம்புகிறோம்.

பிற்காலத்தில் அத்துறையினர் தம் பயிற்சியில் இதனை ஒரு கணக்காகவே அமைத்துக்கொண்டனர். இடத்தைப் பற்றிய அறிவும் வருவோரைப் பற்றிய அறிவும் கூட்டப்பட்டு, ஏற்ற உத்தியால் பெருக்கப்பட வேண்டும் என்பது அக்கணக்கு. கூட்டல், பெருக்கல் என்ற வேறுபாட்டை உற்று நோக்குக. உத்தி சுழியமானால் கற்ற கல்வி அனைத்தும் சுழியமாகிவிடும். கற்றுத் துறைபோகியும் சொல்லத் தெரியாமையால் பயன்படாது போனவர்களை எல்லா ஊரிலும் காணலாம்.

மூலம்

உரையை அறியுமுன் மூலத்தை அறிய வேண்டும். யூட்டா மாநிலத்தின் பிரிகாம் சிட்டி என்னும் ஊருக்கு மேற்கே ஏறத்தாழ 32 மைல் தொலைவில், கடல்மட்டத்திற்கு மேல் 4,900 அடி உயரத்தில் அமைந்த வறண்ட புல்வெளி புரோமன்டரி உச்சி. வடமேற்கே மலை, தெற்கே உப்பேரி. ஊர் என்று சொல்லத்தக்கது அருகில் ஏதுமில்லை. இவ்விடத்தில்தான் 1869ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், மேற்கிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக் பாதையும் கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக் பாதையும் இணைந்தன. முன்னது 690 மைல். பின்னது 1,086 மைல்.

1862ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் இப்பணியைத் தொடக்கி வைத்தது. இட்ட ஒவ்வொரு மைலுக்கும் அரசு கடன் பத்திரம் வழங்கியது: சமவெளியில் 16,000 டாலர், உயர்நிலத்தில் 32,000, மலையில் 48,000. நிலக்கொடை இதற்குப் புறம்பானது. மைலுக்குப் பணம் என்றால் மைல் எவர்க்குக் கசக்கும்? எங்கே இணைவது என்பதைச் சட்டம் வரையறுக்காது விட்டமையால், இரு நிறுவனத்தாரின் மண்வேலைக் குழுக்களும் ஒன்றையொன்று கடந்து, எதிரெதிர்த் திசையில் இருநூறு மைல் அளவுக்கு இணையான பாதைக்கரைகளை எழுப்பிக்கொண்டே சென்றன. 1869 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டு, இணையுமிடம் இதுவென்று தீர்த்த பின்னரே அப்போட்டி நின்றது.

அவ்விரட்டைக் கரைகளை இன்றும் அங்கே காணலாம். ஒன்றரை மைல் நீளமுள்ள நடைபாதை ஒன்று அவற்றினூடே செல்கிறது. ஒரு பள்ளத்தாக்கைச் சென்ட்ரல் பசிபிக் குழுவினர் மண்ணிட்டு மேடாக்கினர். அவசரத்தில் இருந்த யூனியன் பசிபிக் குழுவினரோ அதன் அருகிலேயே மரச்சட்டப் பாலம் ஒன்றை எழுப்பிக் கடந்தனர். மரப்பாலம் மறைந்துவிட்டது, மண்மேடு நிற்கிறது. விளக்கவுரை ரேஞ்சர் தம் கூட்டத்தை இங்கே கொணர்ந்து நிறுத்திவிட்டு, முதலில் ஒன்றும் சொல்லமாட்டார். ஒரே பள்ளத்தைக் கடக்க இரண்டு வழி ஏன் என்னும் வினா கேட்போர் வாயிலிருந்தே பிறக்கக் காத்திருப்பார். பிறந்தபின் மைலுக்குப் பணம் கொடுத்த சட்டத்தை எடுத்துரைப்பார். டில்டன் கூறிய கிளறிவிடுதல் இதுவே. நன்னூலார் உரையைக் காண்டிகை என்றும் விருத்தி என்றும் பகுத்தார் அல்லவா? வரவேற்பு மேசையில் நின்று இரண்டு மணித்துளியில் தருவது காண்டிகை; இந்நடைபாதையில் நடந்துகொண்டே தருவது விருத்தி.

பிழையான பாடங்களை நீக்குதல்

உரையாசிரியர்க்கு முதற்கண் வாய்க்கும் வேலை பிழையான பாடங்களை நீக்குவது. இவ்விடத்தைப் பற்றிய தவறான பாடங்கள் பல. பாதைகள் இணைந்த இடம் 'புரோமன்டரி முனை' என்று பாடநூல்கள் சில எழுதிவிட்டன. முனை என்பது தெற்கே நெடுந்தொலைவில் ஏரிக்குள் நீண்டிருக்கும் வேறோரிடம். அன்றைய தினமே கடலோடு கடல் இணைந்துவிட்டது என்பதும் முழு உண்மையன்று. சாக்ரமென்டோவிலிருந்து விரிகுடா வரையிலான பாதை அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் முடிந்தது; ஒமாகா நகரில் மிசௌரி ஆற்றின்மேல் பாலம் 1872ஆம் ஆண்டே திறக்கப்பட்டது. அதுவரை பயணிகள் ஆற்றைப் படகிற் கடந்தனர்.

எல்லாவற்றிலும் பெரிய மயக்கம் தங்க ஆணியைப் பற்றியது. வந்திறங்கும் சிறுவர் முதலிற் கேட்பது, அந்த ஆணி தண்டவாளத்தில் இன்னும் இருக்கிறதா என்பதே. பொன் மென்மையான உலோகம். சம்மட்டியால் அடித்தால் நசுங்கும். ஆதலால் புன்னையினத்தைப் போன்ற வழவழப்பான லாரல் மரக்கட்டை ஒன்றில் முன்னதாகவே துளையிட்டு, பொன்னும் வெள்ளியுமான நான்கு ஆணிகளை அதில் மெல்லப் பொருத்திச் சடங்கு முடிந்தவுடன் எடுத்துவிட்டனர். பின்னர்ச் சாதாரணக் கட்டையில் சாதாரண இரும்பாணி அறையப்பட்டது. தந்திக் கம்பியுடன் இணைக்கப்பட்டிருந்தது அவ்விரும்பாணியே. லேலண்ட் ஸ்டான்போர்டு ஓங்கிய சம்மட்டி ஆணியைத் தவறியது என்று சொல்லப்படுகிறது. தந்திக்காரர் தாமே விசையைத் தட்டி, முடிந்தது என்ற சொல்லை நாடெங்கும் அனுப்பினார். டேவிட் ஹியூஸ் என்பார் செய்வித்த அப்பொன்னாணி இன்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் பொறிக்கப்பட்டுள்ள நாளோ மே 8. விழா முதலில் அந்நாளுக்கே குறிக்கப்பட்டிருந்தது. யூனியன் பசிபிக் துணைத்தலைவர் தாமஸ் டூரன்ட் வந்த வண்டியை, கூலி நிலுவையிலிருந்த தொழிலாளர் வழியில் மறித்து நிறுத்தினர். மழைவெள்ளத்தால் பாலமும் பழுதுற்றது. விழா இரண்டு நாள் தள்ளிப்போயிற்று. கூலி கொடாமையின் சுவடு அப்பொன்னின்மேலேயே கிடக்கிறது என்று ரேஞ்சர் இதனை எடுத்துக்காட்டலாம். நாமாயின் இதனையே முதலிற் சொல்வோம்.

எஞ்சின்களைப் பற்றியும் ஒரு சொல். அன்று மூக்கோடு மூக்கு நின்றவை சென்ட்ரல் பசிபிக்கின் ஜூபிடரும் யூனியன் பசிபிக்கின் 119ஆம் எண் எஞ்சினும். முன்னது விறகு எரிப்பது. பின்னது நிலக்கரி எரிப்பது. அவற்றின் அருமை அறியாமல் 119ஐ 1903ஆம் ஆண்டிலும் ஜூபிடரை 1909ஆம் ஆண்டிலும் பழைய இரும்புக்கு உடைத்துவிட்டனர். இன்று அங்கே ஓடுபவை கலிபோர்னியாவில் ஓகானர் நிறுவனத்தார் பழைய ஒளிப்படங்களை அளந்து வரைந்து உருவாக்கிய படிகள். 1979ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் ஓடத் தொடங்கியவை. கோடைக்காலத்தில் நாள்தோறும் கொட்டகையிலிருந்து வெளிவந்து ஆவி கக்கி நிற்கும். ஜூபிடருக்கு முதலில் சிவப்பு வண்ணமே பூசியிருந்தனர். பிற்பாடு அக்காலத்து நாளிதழ்ச் செய்தியொன்றில் அது நீலமும் கருஞ்சிவப்புமாக இருந்ததென்று கண்டு, வண்ணத்தை மாற்றினர். கண்டவுடன் மாற்றினரே, அதுதான் இத்தொழிலுக்கு உரிய நேர்மை. இவை மூலமல்ல, படிகள் என்பதையும் ரேஞ்சர் மறைப்பதில்லை. ஏட்டுப்பிரதியை மூலவோலை என்று சொல்லி ஏமாற்றும் பதிப்பாசிரியரை எவர் மதிப்பார்?

சொல்லாது விட்டதை உரைத்தல்

இனிக் கடினமான பகுதிக்கு வருவோம். ஆண்ட்ரூ ஜே. ரசல் அன்று எடுத்த ஒளிப்படம் உலகப் புகழ் வாய்ந்தது. இரு எஞ்சின்களுக்கிடையே தலைமைப் பொறியாளர் இருவர் கைகுலுக்குகின்றனர், எஞ்சின்மேல் ஏறி நின்றோர் புட்டிகளை நீட்டுகின்றனர், சுற்றிலும் பெருங்கூட்டம். ஆயினும் சென்ட்ரல் பசிபிக் பாதையை இட்டோரில் பத்தில் ஒன்பது பேர் என்று சொல்லத்தக்க சீனத் தொழிலாளர் முகம் அப்படத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. ஒரே காலத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் உழைத்தனர். ஆண்டுகள் அனைத்தையும் கூட்டினால் தொகை அதனினும் பெரிது. சியரா நெவாடா மலையுச்சியில் 1,659 அடி நீளக் குகைப்பாதையைக் கருங்கல்லிற் குடைந்தவர் அவரே. இரு முனையிலிருந்தும், நடுவே கிணறு தோண்டி அதன் அடியிலிருந்து இருபுறமுமாகவும், ஆக நான்கு முகங்களில் அவ்வேலை நடந்தது. சில நாள்களில் ஓரடி முன்னேறுவதே அரிது.

இவர்களை அடக்கமாக உழைத்துப் பணிந்து கிடந்தோர் என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். அதுவும் பிழையான பாடமே. 1867ஆம் ஆண்டு ஜூன் மாதம் மூவாயிரம் பேரளவில் வேலையை நிறுத்தினர். மாதம் 35 டாலராக இருந்த கூலியை 40 டாலராக்கவும், வேலைநேரத்தைக் குறைக்கவும் கேட்டனர். வெள்ளைத் தொழிலாளர்க்குக் கூலிக்கு மேல் உணவும் உறைவிடமும் நிறுவனத்தாரே கொடுக்க, சீனர் தம் உணவைத் தாமே வாங்கி உண்டனர் என்பதையும் நினைவிற் கொள்க. நிறுவனத்தாருள் ஒருவரான சார்லஸ் குரோக்கர் மலைமேல் செல்லும் உணவுப் பொருளை நிறுத்தினார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது. கல்லெறியோ கலவரமோ இல்லை. 1882ஆம் ஆண்டு, பாதை முடிந்து பதின்மூன்றே ஆண்டுகளில், சீனத் தொழிலாளர் நாட்டினுள் நுழைவதையே தடுக்கும் சட்டம் வந்தது. அது நீக்கப்பட 1943ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

படத்தில் இல்லாதவர்களைப் பற்றி உரைப்பது எங்ஙனம்? இங்கேதான் உரையாசிரியரின் கல்வியும் அடக்கமும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. இல்லை என்று விட்டுவிடுவது ஒரு குற்றம். ஆர்வ மிகுதியால் ஆதாரமின்றிக் கூட்டிச் சொல்வது மற்றொரு குற்றம். ரசலே அன்று எடுத்த மற்றொரு படத்தில் இறுதித் தண்டவாளம் இடும் வேலையில் சீனத் தொழிலாளர் நிற்பது தெரிகிறது. ஆகவே சீனர் அங்கே இருந்தனர் என்பதற்குச் சான்றுண்டு. புகழ்பெற்ற படத்தை மட்டும் கண்டு அவர் எவருமே வரவில்லை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. ரேஞ்சர் இரு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டினால் போதும். நீண்ட சொற்பொழிவு வேண்டாம்.

இறந்தோர் தொகை இதனினும் நுட்பமானது. நிறுவனத்தார் அக்கணக்கை வைத்துக்கொள்ளவில்லை. 1870ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், தாய்மண்ணில் அடக்கம் செய்வதற்காகச் சீனர் எலும்புகளை ஏற்றிவந்த ரயில் வண்டியைப் பற்றிச் சாக்ரமென்டோ நகரின் இரு நாளிதழ்கள் எழுதின. ஓரிதழ் இருபதாயிரம் பவுண்டு எலும்பு, ஆயிரத்து இருநூறு பேருடையது என்றது. மற்றோரிதழ் ஐம்பது பேர் அளவில் என்றது. ஒரே வண்டி, ஒரே ஊர்; தொகையில் இத்துணை வேறுபாடு. மேடைப் பேச்சாளர் பெரிய தொகையை எடுத்துக்கொள்வார். பழைய நிறுவனத்தின் புகழ் பாடுவோர் சிறிய தொகையை எடுத்துக்கொள்வர். நல்ல ரேஞ்சர் இரண்டையும் சொல்லி, இவ்விரண்டிற்கும் இடையே தீர்ப்பளிக்க ஏடு ஏதும் எஞ்சவில்லை என்பதையும் சொல்லுவார். கேட்போர் சிலர் ஏமாற்றமடைவர். ஆயினும் இறந்தோர் எத்தனை பேர் என்று எண்ணிவைக்கக்கூட எவரும் முனையவில்லை என்னும் உண்மை, எந்த எண்ணையும் விட ஆழமாகத் தைக்கும்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் கோர்டன் சாங், ஷெல்லி ஃபிஷர் ஃபிஷ்கின் ஆகியோர் 2012ஆம் ஆண்டு தொடங்கிப் பல நாட்டு ஆய்வாளரை ஒன்றுதிரட்டித் தேடினர். அத்தொழிலாளருள் ஒருவர் தம் கைப்பட எழுதிய கடிதமோ நாட்குறிப்போ ஒன்றேனும் கிடைக்கவில்லை. முகாம்கள் இருந்த இடங்களில் கிண்ண ஓடுகளும் காசுகளும் கிடைத்தன. எழுத்தில்லாத இடத்தில் ஓடுகளைக் கொண்டு உரை காண வேண்டியிருக்கிறது.

சீனரைச் சொல்லிவிட்டால் உரை நிறைவுறுமா? அதுவும் இல்லை. கிழக்கிலிருந்து வந்த பாதையில் அயர்லாந்துக் குடியேறிகளும் உள்நாட்டுப் போரில் ஈடுபட்டு மீண்ட வீரர்களும் உழைத்தனர். யூட்டா பகுதியில் பிரிகாம் யங் ஒப்பந்தம் எடுத்து மார்மன் மக்களை மண்வேலையில் ஈடுபடுத்தினார். இவர்கள் அனைவர்க்கும் முன்பே அந்நிலத்திற்கு உரியோராக வடமேற்கு ஷோஷோனி மக்கள் இருந்தனர். 1863ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் சாக்ரமென்டோவில் சென்ட்ரல் பசிபிக் பாதைக்கு முதல் மண் வெட்டப்பட்டது. அதே மாதம் 29ஆம் நாள் பேர் ஆற்றங்கரையில், இன்றைய ஐடஹோ மாநிலத்தின் தென்கோடியில், அமெரிக்கப் படை ஷோஷோனி மக்களைத் தாக்கி, பெண்டிரும் சிறாருமாக நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. இரு நிகழ்ச்சிக்கும் நேர்த் தொடர்பு கூறுதல் மிகை. ஆயினும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தவை என்பதை ரேஞ்சர் அறிந்திருத்தல் வேண்டும்.

உரை மாறிய வரலாறு

இவ்வுரை ஒரே நாளில் உருவானதன்று. 1904ஆம் ஆண்டு ஏரியின் குறுக்கே நேர்ப்பாதை அமைந்தபின் புரோமன்டரி வழி போக்குவரத்துக் குறைந்தது. 1942ஆம் ஆண்டு உலகப்போருக்கு இரும்பு வேண்டித் தண்டவாளங்களைப் பெயர்த்தனர். ஆணியைப் பிடுங்குவதற்கும் ஒரு விழா எடுத்தனர்! இடத்தைக் காக்க வேண்டுமென்று பெர்னிஸ் கிப்ஸ் ஆண்டர்சன் என்னும் உள்ளூர்ப் பெண்மணி விடாது எழுதியும் முறையிட்டும் வந்தார். 1957ஆம் ஆண்டு அது வரலாற்றுச் சின்னம் என அறிவிக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டு மத்திய அரசின் உடைமையாயிற்று.

1969ஆம் ஆண்டு நூற்றாண்டு விழா. சீன அமெரிக்க வரலாற்றுக் கழகத்தின் சார்பில் பிலிப் சாய் பேச வந்திருந்தார். அவருக்கென்று எதிர்பார்த்திருந்த நேரம் கிடைக்கவில்லை. மேடையேறிய போக்குவரத்து அமைச்சர் ஜான் வோல்பி, மலையைக் குடையவும் பனியில் உழைக்கவும் அமெரிக்கரன்றி வேறு யாரால் இயன்றது என்னும் பொருள்படப் பெருமிதமாக வினவினார். குடைந்தோர் பெரும்பாலும் சட்டத்தால் அமெரிக்கக் குடிமக்களாக முடியாதவர் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. இத்தகைய இடத்தில் சொல்லத் தெரிந்த ஒரு ரேஞ்சரின் அருமை விளங்கும்.

அதன்பின் ஐம்பது ஆண்டுகள். 2014ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழிலாளர் துறை தன் பெருமைக் கூடத்தில் சீன இருப்புப்பாதைத் தொழிலாளரைச் சேர்த்தது. 2019ஆம் ஆண்டு மார்ச்சில் பூங்காவின் தகுதி உயர்த்தப்பட்டுத் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று. அவ்வாண்டு மே 10ஆம் நாள் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவில், அத்தொழிலாளர் ஒருவரின் கொள்ளுப்பேத்தியும் வரலாற்றறிஞருமான கோனி யங் யூ மேடையில் நின்று பேசினார். பூங்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள இயற்கையான சுண்ணாம்புக்கல் வளைவு ஒன்று முன்பு இழிவுக் குறிப்புடைய சொல்லால் வழங்கப்பட்டு வந்தது; இப்போது அதற்குச் 'சீன வளைவு' என்று பெயர்.

முடிந்த உரை என்று ஒன்றில்லை என்பதற்கு அண்மைய நிகழ்ச்சியும் சான்று. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஆணையொன்று, அரசின் நினைவிடங்களில் உள்ள வாசகங்கள் பண்டைய, இன்றைய அமெரிக்கரைத் தகாத முறையில் இழித்துரைக்கின்றனவா என ஆராயப் பணித்தது. அவ்வாண்டுக் கோடையில், அத்தகைய வாசகங்களைக் கண்டால் தெரிவிக்குமாறு வருவோரை வேண்டும் அறிவிப்புகள் பூங்காக்களில் வைக்கப்பட்டன. அரசு ஊதியம் பெறும் உரையாசிரியர் நிலை எளிதன்று. புரவலன் மனம் கோணாமல் எழுதுவதா, மூலத்திற்கு உண்மையாக எழுதுவதா என்னும் சிக்கல் புலவர்க்குப் பழையது. ரேஞ்சர்க்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கூலிநிலுவையும் வேலைநிறுத்தமும் எவரையும் இழித்துரைப்பன அல்ல, நடந்தவை என்பதே எம் கருத்து. ஏட்டுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோர்க்கு அச்சம் சிறிது குறையலாம்.

பணியின் வெளிப்புறத்தையும் மாணவர் அறிந்துகொள்வது நன்று. பலர் பருவகாலப் பணியாளரே; ஆறு மாதத்திற்கு மேற்படாத வேலை, பின்னர் வேறு பூங்கா. வரவேற்பு மேசையில் நின்று கழிவறைக்கு வழி சொல்வதும், வெயிலில் மயங்கியவர்க்கு நீர் கொடுப்பதும், எஞ்சினுக்கு மிக அருகில் ஓடும் குழந்தையைத் தடுப்பதும் அன்றாடக் கடமைகள். சிறுவர்க்கு வினாத்தாள் நூல் ஒன்று கொடுத்து, முடித்தோர்க்கு உறுதிமொழி சொல்லிச் சிறு சின்னம் அணிவிப்பார்கள். 'இளைய ரேஞ்சர்' என்று அதற்குப் பெயர். கோடைக்காலச் சனிக்கிழமைகளில் தன்னார்வத் தொண்டர்கள் 1869ஆம் ஆண்டு உடையணிந்து விழாவை நடித்துக் காட்டுவர். குளிர்காலத்தில் எஞ்சின்கள் கொட்டகையில் பிரித்துப் பழுது பார்க்கப்படும். ரேஞ்சர் அப்போது படித்து, அடுத்த பருவத்திற்கான உரையைச் செப்பம் செய்வார். வருவோருள் மிகக் கடினமானவர் சிறுவரல்லர். திருகாணி முதற்கொண்டு எஞ்சினின் உறுப்பெல்லாம் அறிந்த ரயில் ஆர்வலரே. அவர்முன் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே தப்பும் வழி.

பூங்காவின் மேற்குப் பகுதியில் 'ஒரே நாளில் பத்து மைல்' என்னும் பலகை நிற்கிறது. 1869ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் விடியலிலிருந்து மாலைக்குள் சென்ட்ரல் பசிபிக் தொழிலாளர் பத்து மைலும் ஐம்பத்தாறு அடியும் பாதை இட்டனர். முப்பதடி நீளத் தண்டவாளங்கள் மூவாயிரத்து ஐந்நூற்றுக்கு மேல்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 560 பவுண்டு எடை. அவற்றைத் தூக்கி வைத்த அயர்லாந்துக்காரர் எண்மரின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. கட்டை பரப்பி, ஆணி அறைந்து, கல்லிட்டு இறுக்கிய ஆயிரக்கணக்கான சீனர் பெயர்களோ பதிவாகவில்லை. மற்றவர் பெயர் எங்கே என்று எவரேனும் கேட்கும்போது, ரேஞ்சர் சாக்ரமென்டோ அருங்காட்சியகத்தில் உள்ள சம்பளப் பதிவேடுகளைப் பற்றிச் சொல்வார். 1864ஆம் ஆண்டிலிருந்தே சீனர் கணக்கு அவற்றிற் காணப்படுகிறது. ஹங் வா போன்ற கங்காணிகளின் பெயர் ஒரு வரியில் இருக்கும். அவருக்குக் கீழ் உழைத்தோர் எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை டாலர் என்பன அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும். கூலியைக் கங்காணியே பெற்றுப் பகிர்ந்தளித்தமையால் ஒவ்வொருவர் பெயரையும் எழுதும் தேவை எழுத்தருக்கு நேரவில்லை.